பந்து நிற்காத பதினைந்து நாள்

பருத்தியோடையில் தண்டவாளத்துக்கு மேற்கே இருக்கிறவனுக்குக் கிழக்கே இருக்கிறவனைக் கண்டால் ஆகாது, கிழக்கே இருக்கிறவனுக்கு மேற்கே இருக்கிறவன் பெயரைக் கேட்டாலே வாய் கசந்துபோகும், ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள், எல்லாம் பொய். காரணம் ஹாக்கி. மேலப் பள்ளிக்கூடத்துப் பையன்களும் கீழப் பள்ளிக்கூடத்துப் பையன்களும் ஆடிக் காற்று கிளம்பும்போது மட்டையைக் கையில் எடுத்தால் ஐப்பசி மழையில் மைதானம் சேறாகிறவரை கீழே வைக்கமாட்டார்கள், அந்த மூன்று மாதமும் கிழக்கே இருக்கிற மாவு மில்லுக்கு மேற்கேயிருந்து ஒரு படி கோதுமை போகாது, மேற்கே இருக்கிற பல் டாக்டரிடம் கிழக்கே இருக்கிறவன் வாயைத் திறக்கமாட்டான், கன்னம் வீங்கி ஒரு கண் மூடிப்போனாலும் பஸ் ஏறி நாற்பது கிலோமீட்டர் போய் வேறு ஊரில் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வருவான். திரும்பி வரும்போது பஸ் ஜன்னல் வழியாக மேற்குப் பக்கம் பார்த்து ரத்தம் துப்பிவிட்டு வருவான்.

இப்படிப்பட்ட ஊரில் அம்பயர் வேலைக்கு யார் வருவார்கள்? முதலில் வந்தவரைக் கண்மாயில் தள்ளினார்கள். இரண்டாவது வந்தவர் இடைவேளையில் ஒன்றுக்குப் போகிறேன் என்று சொல்லிப் போனவர், போனவர்தான். மூன்றாவது ஆளின் விசிலை வாயோடு சேர்த்து அடித்ததில் அவர் ஊர் போய்ச் சேரும்வரை மூச்சு விடும்போதெல்லாம் விசில் சத்தம் வந்ததாகச் சொல்வார்கள். நான்காவதாக வந்த மதுரைக்காரர் புத்திசாலி. அவர் இரண்டு பக்கத்துப் பெரிய ஆட்களையும் கூப்பிட்டு, கோல் விழுந்ததா இல்லையா என்று நான் வாயைத் திறக்கமாட்டேன், எனக்குப் பிள்ளைகுட்டி இருக்கிறது, கோலை வாங்கினவனே சொல்லட்டும், அவன் சொன்னால் நான் விசில் ஊதுகிறேன் என்றார். அன்றிலிருந்து அதுதான் பருத்தியோடை வழக்கம். பந்து கோல் பக்கம் போனால் அம்பயர் "விழுந்துச்சா?" என்று கேட்பார், கோல்கீப்பர் "விழுந்துச்சு" என்றால் கோல், "இல்ல" என்றால் இல்லை, அதற்குமேல் பேச்சில்லை.

நாற்பத்தோரு வருஷம் ஒரு பையனும் பொய் சொல்லவில்லை. நல்லவர்கள் என்பதால் அல்ல, அப்படி யாரும் தப்பாக நினைத்துவிட வேண்டாம். எதிர்ப்பக்கத்துக்காரன் நம்மைப் பொய்யன் என்று ஒரு வார்த்தை சொல்ல இடம் கொடுத்துவிடக் கூடாது என்ற வைராக்கியம். அந்த ஊரில் நேர்மையைக் காப்பாற்றி வைத்திருந்ததே பகைதான்.

நாற்பத்திரண்டாவது வருஷம் மேலப் பள்ளிக்கூடத்துக்குக் கோல் காத்தவன் பவுன்ராஜ். பன்னிரண்டாம் வகுப்பு, தீப்பெட்டி ஆபீஸ் போர்மேன் அரியமுத்துவின் ஒரே மகன், கைகால் நீளமாக, பேச்சு குறைவாக, கோலுக்குள் நின்றால் கம்பத்தோடு கம்பமாக நிற்கிறவன். அந்த வருஷம் ஜெயிக்கிற பள்ளிக்கூடம் சென்னையில் நடக்கும் மாநிலப் போட்டிக்குப் போகும், அங்கே ரயில்வேக்காரர்கள் ஆள் எடுக்க வருகிறார்கள், அவர்களுக்கு ஒரு கோல்கீப்பர் வேண்டும் என்று சேதி வந்திருந்தது. அரியமுத்து அப்போதே மகனுக்கு ரயில்வே பாஸ் கிடைத்தால் முதலில் எந்த ஊருக்குப் போவது என்று மனைவி முத்துக்கிளியிடம் சண்டை போட ஆரம்பித்திருந்தார்.

இறுதிப் போட்டியில் ஆளுக்கொரு கோல். முடிய ஒரு நிமிஷம் இருக்கும்போது கீழப் பள்ளிக்கூடத்து சென்டர் பார்வர்ட் சேர்மக்கனி வலது பக்கமிருந்து இரண்டு பேரைத் தாண்டிக்கொண்டு உள்ளே வந்தான், அதே நேரம் பார்த்துக் காற்று மைதானத்துச் செம்மண்ணை வாரி ஆள் முகம் ஆளுக்குத் தெரியாதபடி இறைத்தது, அந்தப் புழுதிக்குள் சேர்மக்கனி அடித்த பந்து பவுன்ராஜின் வலது காலுக்கும் கம்பத்துக்கும் நடுவே புகுந்து கோட்டைத் தாண்டி ஒரு முழம் உள்ளே போய்க் கிடந்தது. பார்த்தது பவுன்ராஜ் ஒருத்தன்தான். புழுதி அடங்குவதற்குள் அவன் கால் தானாகப் பந்தை முன்னே இழுத்துப் போட்டது.

"விழுந்துச்சாப்பா?" என்று அம்பயர் கேட்டார்.

"இல்ல சார்."

அந்த 'இல்ல'யை அவன் ரயில்வேயை நினைத்துச் சொல்லவில்லை. சேர்மக்கனி மட்டையைத் தூக்கிக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி ஓடிவந்தான், அந்தச் சிரிப்பைப் பார்த்துச் சொன்னான். சொன்னதும் அந்தச் சிரிப்பு அணைந்தது, பவுன்ராஜுக்கு நெஞ்சு குளிர்ந்தது, இது உண்மை, மறைப்பதற்கில்லை. மேட்ச் டிரா. பதினைந்து நாள் கழித்து மறுபடி ஆடுவது என்று சொல்லிவிட்டு அம்பயர் மதுரை பஸ்ஸைப் பிடித்தார்.

பவுன்ராஜ் காலுக்குக் கட்டிய பேடைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தான், பந்து அவன் பின்னால் உருண்டு வந்தது.

அவன் நின்றால் அவனைச் சுற்றியது, நடந்தால் பின்னால் வந்தது. வாசலில் நின்றுகொண்டிருந்த முத்துக்கிளி அவன் காலடியில் செம்மண் அப்பிக்கொண்டு சுற்றுகிற பந்தைப் பார்த்துவிட்டு, "காலைக் கழுவிட்டு உள்ள வா, அதையும் கழுவிட்டுக் கூட்டிட்டு வா" என்றாள். அவன் சாப்பிட உட்கார்ந்தபோது அது தட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது, பாயில் படுத்தபோது பாயைச் சுற்றியது, விடிந்து எழுந்து பார்த்தபோது சிமெண்டுத் தரையில் பாயைச் சுற்றி ஒரு வட்டம் தேய்ந்திருந்தது.

ஊர் இதற்கெல்லாம் மலைத்துப்போய் வேலையை விட்டுவிட்டு நிற்கவில்லை. மேலப் பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் பாடம் நடத்திக்கொண்டே பந்து வரும்போது காலைத் தூக்கிக்கொள்ளப் பழகினார்கள். ரயில்வே கேட்கீப்பர் பவுன்ராஜ் கடந்த பிறகும் கேட்டைத் தூக்காமல், "பொறுங்கய்யா, பின்னால ஒண்ணு வருது" என்று லாரிக்காரர்களிடம் சொல்லிவிட்டுப் பந்து தண்டவாளத்தில் ஏறி இறங்குகிறவரை கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மகன் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற நேரம் தெரிந்து தீப்பெட்டி ஆபீஸில் தீக்குச்சி அடுக்கும் பெண்கள் மரச்சட்டங்களைத் தரையிலிருந்து தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்கள், வைத்துக்கொண்டு கிழக்கே இருக்கிறவர்களைப் பச்சைபச்சையாகத் திட்டினார்கள், ஏனென்றால் இது கிழக்கே வைத்த செய்வினை என்று மேற்கே மறுநாள் காலையிலேயே முடிவாகிவிட்டது.

கிழக்கே வேறு மாதிரி முடிவானது. அந்த வருஷம் பந்து வாங்குவது கீழப் பள்ளிக்கூடத்தின் முறை. ஆகவே எங்கள் பந்தைத் திருடி வைத்துக்கொண்டிருக்கிறீர்கள், உடனே திருப்பி அனுப்பவும் என்று அவர்கள் ஹெட்மாஸ்டர் முத்திரை குத்திக் கடிதம் அனுப்பினார். பந்து எங்கள் பிடியில் இல்லை, அது சுதந்திரமாக நடமாடுகிறது, அதற்கு இஷ்டமிருந்தால் எப்போது வேண்டுமானாலும் தங்களிடம் வரலாம் என்று மேலப் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் அதைவிடப் பெரிய முத்திரை குத்திப் பதில் போட்டார். போலீஸில் புகார் கொடுத்தார்கள். விசாரிக்க வந்த ஏட்டு பந்தைக் கைப்பற்றக் குனிந்தார், அது அவர் உள்ளங்கைக்குள்ளேயே சுற்றித் தோலை உரித்துவிட்டுக் கீழே குதித்தது. அவர் கையை உதறிக்கொண்டே, எதிரி கைதுக்கு ஒத்துழைக்கவில்லை என்று எழுதிக்கொண்டு போனார்.

எல்லாரும் எல்லாம் பேசினார்கள். ஒருத்தன்கூடப் பவுன்ராஜிடம், பந்து உள்ளே போனதா என்று கேட்கவில்லை. மேற்கே இருக்கிறவனுக்குக் கேட்கப் பயம். கிழக்கே இருக்கிறவனுக்குக் கேட்கவேண்டிய அவசியமே இல்லை, அவனுக்குத் திட்டுவதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது, அதைக் கேள்வி கேட்டுக் கெடுத்துக்கொள்வானா?

மூன்றாம் நாள் பவுன்ராஜ் தானாகவே அப்பாவிடம் வாயைத் திறந்தான். அரியமுத்து கண்ணாடி முன்னால் நின்று மீசையைக் கத்தரித்துக்கொண்டிருந்தார்.

"அய்யா, அன்னைக்குப் பந்து உள்ள போயிருச்சுய்யா."

அரியமுத்து கத்தரியை நிறுத்தவில்லை. "எங்க உள்ள?"

"கோலுக்குள்ள. நாந்தான் வெளிய இழுத்துப் போட்டேன்."

"ஏலே," என்றார் அவர் மெதுவாக, "நான் டீக்கடையில நூறு பேரு முன்னால உன் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணியிருக்கேன், எம் மகன் பொய் சொல்லமாட்டாம்னு. நீ இப்பப் போயி உள்ள போச்சுன்னு சொன்னா, நாளைக்கு நான் கிழக்கத்திக்காரன் மூஞ்சியில எப்படிலே முழிப்பேன்? தொண்டைக்குள்ளயே வச்சுக்கோ. செத்தாலும் வெளிய விடாத."

அவர் பேசும்போது பந்து அவர் காலையும் சேர்த்துச் சுற்றியது. அவர் அதை ஓங்கி உதைத்தார், பெருவிரல் நகம் பெயர்ந்ததுதான் மிச்சம்.

அதற்குப் பிறகு பவுன்ராஜுக்குச் சோறு இறங்கவில்லை. வெட்கத்தைவிட அந்தச் சத்தம்தான் அவனைத் தின்றது, உருள்கிற சத்தம், மண்ணில் ஒரு மாதிரி, சிமெண்டில் ஒரு மாதிரி, மர பெஞ்சுக்கு அடியில் ஒரு மாதிரி. பந்தைக் கிணற்றில் போட்டுப் பார்த்தான். அவன் வீடு வந்து சேருவதற்குள் ஈரம் சொட்டச் சொட்ட அது அவனுக்கு முன்னால் வாசலில் சுற்றிக்கொண்டிருந்தது. சேர்மக்கனி சிரித்த சிரிப்பை நினைத்தால் முன்பு எரிச்சல் வரும், இப்போது அந்தச் சிரிப்பு அணைந்ததுதான் நினைவுக்கு வந்தது. அவனுக்கு அழுகை வந்தது, அழுதான்.

பத்தாம் நாள் ரயில்வே கேட்டில் இரண்டு பேரும் எதிரெதிரே மாட்டிக்கொண்டார்கள். கேட் இறங்கியிருந்தது, கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருந்தது, இந்தப் பக்கம் இவன், அந்தப் பக்கம் சைக்கிளில் காலை ஊன்றிக்கொண்டு சேர்மக்கனி. வண்டி போய்க் கேட் தூக்கியதும் சேர்மக்கனி நேரே வந்து சைக்கிளின் முன்சக்கரத்தை இவன் காலில் முட்டுகிற மாதிரி நிறுத்தினான்.

"சந்தோசமாடா?" என்றான். "ஊரே உம் பேரைத்தான் சொல்லுது. எங்க தெருவுல பந்தைப் பத்திப் பேசுதானுவ, போலீஸைப் பத்திப் பேசுதானுவ, செய்வினையைப் பத்திப் பேசுதானுவ. ரெண்டு பேரை வெட்டிக்கிட்டு வந்து கம்பத்தோரமா அடிச்சனே, அதை ஒரு நாயும் பேசலை. எங்கய்யாகூட, பந்தோட விலை என்ன இருக்கும்னு கேக்காரு."

பவுன்ராஜ் வாயைத் திறந்தான். அதற்குள் கேட்டின் இரண்டு பக்கமும் ஆள் கூடிவிட்டது, மேற்கேயிருந்து ஒருத்தன், "என்னலே எங்க பையனை வழிமறிக்க?" என்று கல்லை எடுத்தான், கிழக்கேயிருந்து ஒருத்தன் சைக்கிள் செயினைக் கழற்றினான். சேர்மக்கனி காறித் துப்பிவிட்டுப் போனான். அது பவுன்ராஜ் மேல் படவில்லை, பந்தின் மேல் பட்டது, அது அதையும் சுமந்துகொண்டு உருண்டது.

இந்தக் கதையில் பருத்தியோடைக்காரர்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாத முட்டாள்தனம் ஒன்று உண்டு. மேலப் பள்ளிக்கூடத்து பி.டி. வாத்தியார் கோயில்பிச்சை சார் பன்னிரண்டாம் நாள் பவுன்ராஜைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு பந்து அவனைச் சுற்றுவதை வெகுநேரம் பார்த்தார். பார்த்துவிட்டு, "ஏலே, இது உன்னைத் தேடித் தேடில்லா வருது" என்றார். "பந்து தானா வந்து கீப்பர் காலைப் பிடிக்குன்னா இனிமே நமக்கு யாருலே கோல் போடமுடியும்? மறுமேட்சை இதே பந்துலதான் ஆடணும்னு கேட்டு வாங்கிருவோம்."

"சார், அன்னைக்கு நடந்தது..."

"நான் கேக்கலை," என்றார் கோயில்பிச்சை சார், சட்டென்று. "நீயும் சொல்லாத."

அதே நாள் கீழப் பள்ளிக்கூடத்திலும் ஒரு யோசனை ஓடியிருக்கிறது. பந்து எப்படியும் பவுன்ராஜிடம்தான் போகும், பவுன்ராஜ் நிற்பது கோலில், ஆகவே பந்து கோலுக்குத்தான் போகும், நம் பையன்கள் மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றால்கூடப் போதும் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். டிரா ஆன மேட்சை அதே பந்தில்தான் ஆடவேண்டும் என்று ஒரு விதியை இரண்டு பள்ளிக்கூடமும் ஒரே தபாலில் ஒன்றுக்கொன்று எழுதிக்கொண்டன. நாற்பத்திரண்டு வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அது. இதில் ஏதோ சூது இருக்கிறது என்று இரண்டு பக்கமும் சட்டைப்பை நிறையச் சரளைக்கல்லோடு மைதானத்துக்கு வந்தார்கள்.

மதுரைக்காரருக்கு அப்போது எழுபது வயது. விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பந்தை மூடி போட்ட வாளியில் கொண்டுவரச் சொல்லி நடுவில் வைத்தார். உலகத்தில் எல்லாரும் விட்டுவிட்டாலும் பருத்தியோடை விடாத பழைய புல்லி முறை, இரண்டு சென்டர் பார்வர்டுகளும் மட்டையோடு மட்டையை மூன்று தரம் தட்டவேண்டும், பிறகுதான் பந்தைத் தொடவேண்டும். மூடியை எடுத்தார்கள், ஒரு தட்டு, இரண்டு தட்டு, பந்து மூன்றாவது தட்டுக்குக் காத்திருக்கவில்லை, இரண்டாயிரம் பேர் பார்க்க நேராக மேலப் பள்ளிக்கூடத்துக் கோலுக்கு உருண்டது. ஒருத்தனும் குறுக்கே போகவில்லை, போகத் தேவையில்லை என்றுதான் இரண்டு பக்கமும் சொல்லிக் கொடுத்திருந்தார்களே.

பவுன்ராஜ் கோட்டின்மேல் நின்றான். பந்து அவனைச் சுற்ற ஆரம்பித்தது. கோட்டின்மேல் நிற்கிறவனைச் சுற்றினால் பாதி வட்டம் வெளியே, பாதி வட்டம் கோலுக்கு உள்ளே. இதை இரண்டு பள்ளிக்கூடத்திலும் ஒருவரும் யோசிக்கவில்லை.

"ஒண்ணு!" என்று கிழக்கே கத்தினார்கள். "ரெண்டு! மூணு!"

"மட்டை படலை, செல்லாது! செல்லாதுடா பரதேசிகளா!" என்று மேற்கே கத்தினார்கள். முதல் கல் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று இன்றுவரை தகராறு. ஆறு, ஏழு, எட்டு என்று எண்ணிக்கை போய்க்கொண்டிருந்தது, பந்து சுற்றிக்கொண்டிருந்தது, அரியமுத்து கயிற்றுக்கு வெளியே நின்று தொண்டை கிழிய, "இல்லேன்னு சொல்லுலே, இல்லேன்னு சொல்லு" என்று அலறிக்கொண்டிருந்தார். மதுரைக்காரர் கல்லுக்குக் குனிந்தபடியே கோலுக்கு வந்து சேர்ந்தார். அவருக்குத் தெரிந்தது ஒரே கேள்வி.

"விழுந்துச்சாப்பா?"

ரயில்வே போனது, அப்பா போனார், மேற்கே இனி ஒரு தெருவில் தலைகாட்ட முடியாது, எல்லாம் பவுன்ராஜுக்குத் தெரிந்தது.

"இது இல்ல சார்," என்றான். பிறகு இரண்டு பக்கமும் கேட்கிற மாதிரி சத்தம் போட்டுச் சொன்னான். "அன்னைக்கு விழுந்துச்சு. சேர்மக்கனி அடிச்சது. ஒரு முழம் உள்ள கெடந்துச்சு, நாந்தான் இழுத்துப் போட்டேன்."

பந்து நின்றது. மதுரைக்காரர் அதை எடுத்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு விசில் ஊதினார், கோல், இரண்டுக்கு ஒன்று, பதினைந்து நாளைக்கு முன்பே முடிந்துபோன மேட்சைக் கிழக்கு ஜெயித்திருந்தது.

ஜெயித்தவர்கள் குதித்தார்கள் என்று நினைப்பீர்கள். குதிக்கவில்லை. பதினைந்து நாளாகச் சேர்த்துவைத்த கோபத்தையும் பை நிறையக் கல்லையும் என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. சண்டை போட்டுப் பிடுங்க வந்ததை ஒருத்தன் சும்மா நீட்டினால் அது பிச்சை மாதிரி இருந்தது. "எங்களுக்குப் பிச்சை போடுதியாலே?" என்று கிழக்கேயிருந்து ஒரு குரல் வந்தது, "காட்டிக்குடுத்த நாயே!" என்று மேற்கேயிருந்து ஒரு குரல் வந்தது, இரண்டு குரலும் நூறாகி, நூறு ஆயிரமாகி, பருத்தியோடை வரலாற்றில் முதல் முறையாக இரண்டு பக்கமும் ஒரே தொண்டையில் ஒரே ஆளைத் திட்டின. கல்லெல்லாம் ஒரே இடத்துக்கு வந்தது. அதில் ஒன்று அரியமுத்து எறிந்தது, அவர் மறுக்கவும் இல்லை.

அந்தக் கல்மழைக்குள் சேர்மக்கனி நடந்து வந்தான். அவன் மேல் பட்டுவிடும் என்று கிழக்கே கையை நிறுத்தினார்கள், கிழக்கே நிறுத்தியதால் மேற்கேயும் நிறுத்தினார்கள். அவன் வந்து பவுன்ராஜின் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். மைதானத்தின் அந்தக் கோடிவரை கேட்டது.

பவுன்ராஜ் கையைத் தூக்கவில்லை. பதினைந்து நாளில் அவனுக்குச் சேரவேண்டியதாக வந்து சேர்ந்தது அந்த ஒன்றுதான், வலித்தது, வலி நன்றாக இருந்தது.

"எப்படிலே போச்சு?" என்றான் சேர்மக்கனி. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான். "அந்தப் பந்து. புழுதியில எனக்குத் தெரியலை."

"நீ இடது பக்கம் அடிப்பேன்னு நான் சாஞ்சேன். நீ கடைசி நேரத்துல மணிக்கட்டைத் திருப்பிட்ட. காலுக்கும் கம்பத்துக்கும் நடுவுல நாலு விரக்கடைதான் இருந்துச்சு, அதுல போச்சு. சத்தமே இல்லை. உள்ள கெடக்கறப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது." பவுன்ராஜ் மூச்சு வாங்கினான். "அப்படி ஒண்ணை நான் வாங்கினதே இல்லலே."

சேர்மக்கனியின் உதடு கோணியது. அழுகிறவன் முகம் எதிரிக்குத் தெரியக் கூடாது என்று சட்டென்று திரும்பிக்கொண்டு, "போலே, தூரப் போ" என்றான். அவன் கிழக்கே நடந்ததும் கல் மறுபடி வர ஆரம்பித்தது.

பவுன்ராஜ் பேடைக் கழற்றினான். மேற்கே போகிற வழியில் அப்பா நின்றார், கிழக்கே போகிற வழியில் ஊர் நின்றது. அவன் இரண்டும் இல்லாமல் மைதானத்துக்குப் பின்னால் இருந்த முள்வேலியைத் தாண்டித் தண்டவாளத்தில் ஏறினான், ஏறித் தெற்கே பார்த்து நடந்தான், கட்டை கட்டையாகக் கால் வைத்து, கன்னத்தைத் தடவிக்கொண்டு. பதினோரு கிலோமீட்டர் தள்ளி இருந்த அடுத்த ஸ்டேஷனில் அவனை யாருக்கும் தெரியாது.